மூன்றாவது முடிச்சு

கல்யாண வீட்டில் எடுக்கும் படங்களில் பாதியை நாங்கள் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். மாலை மாற்றும்போது படம் சரியாக விழவில்லை என்றால், "மாப்பிள்ளை, இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே போடுவார்கள். மெட்டி போடுவதைக்கூட ஒரு நிமிடம் நிறுத்திவைக்கலாம். தாலி கட்டுவதை மட்டும் நிறுத்த முடியாது. புரோகிதர் கையைத் தூக்கிக் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் தவில் உருளும், அட்சதை பறக்கும், பத்து நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பத்து நொடிக்காகத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

2014 வைகாசியில் சுவாமிமலையில் ஒரு கல்யாணம். விடியற்காலை நாலரை–ஆறு முகூர்த்தம், கல் மண்டபம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மீதியை நாத்தனார் போடுவார். அன்று மூன்றாவது முடிச்சைப் போட்டது மாப்பிள்ளையின் அக்கா. ஆல்பம் கொடுக்கப் போனபோது அந்த அம்மாதான் முதலில் வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, திரும்ப முன்னால் வந்து, "தம்பி, நான் முடிச்சுப் போட்டது எங்க?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் மூன்று படங்கள் எடுத்திருந்தேன். முதல் படத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் பறந்துகொண்டிருந்த அட்சதையில் பட்டு, அவர் முகத்தின் மேலே வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்தது போல் ஆகிவிட்டது. அடுத்த இரண்டு படங்களுக்கும் ஃப்ளாஷ் அடிக்கவே இல்லை. பேட்டரி களைத்துப் போயிருந்தது. அவற்றில் விரல்கள் எல்லாம் இழுபட்டு, மஞ்சள் கயிறு ஒரு மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. முதல் படத்தைச் சின்னதாக்கி ஓர் ஓரத்தில் வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஆல்பத்தை மூடித் தன் தம்பியான மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருத்தம் இருந்திருக்காது.

என்னிடம் அப்போது இருந்தது கேனான் 1000டி. 2008-ல் வந்த மாடல். நான் 2010-ல் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தேன். 10.1 மெகாபிக்சல், ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் போகாது, வீடியோ கிடையாது. கூடவே வந்த 18–55 கிட் லென்ஸ்தான் எல்லாவற்றுக்கும். வண்டியில் திரும்பி வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன்: கேமராவை மாற்ற வேண்டும்.

ஆடி பிறந்ததும் கடைக்குப் போனேன். ஆடியில் எங்களுக்கு முகூர்த்தம் இல்லை, கடைகளுக்குத் தள்ளுபடி. அந்த வருடத் தொடக்கத்தில்தான் 1200டி வந்திருந்தது. கடைப்பையன் எடுத்துக் கையில் கொடுத்தான். புதுப் பிடி விரலில் நன்றாக ஒட்டியது. பின்பக்கத் திரை பெரியது. "அண்ணே, உங்களுது பத்து, இது பதினெட்டு. கிட்டத்தட்ட டபுள். ஐஎஸ்ஓ 6400 போகும். ஃபுல் எச்டி வீடியோ" என்றான். பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்வதாகவும் சொன்னான். அட்வான்ஸ் கொடுக்கப் பையில் பணம் இருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று வெளியே வந்தேன்.

கேட்டது என் முதலாளியை. தொழில் கற்றுக்கொடுத்தவர், ஸ்டுடியோவை மூடி வீட்டில் இருந்தார். இன்றைக்கும் எனக்கு அவர் முதலாளிதான். பென்டாக்ஸ் கே1000-ல் கல்யாணம் எடுத்தவர் அவர். ரோலுக்கு 36 படம். கெட்டிமேளம் வருவதற்கு முன்னால் ரோலில் பத்துப் படமாவது மிச்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதி ரோலைக் கழற்றிப் புது ரோல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் சட்டம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"புதுசு வாங்குறது தப்பில்லடா. எதுக்கு வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கு. கெட்டுப்போன படத்தையெல்லாம் எடுத்துக்கிட்டு வா, பாப்போம்."

நல்லவேளையாக நான் எதையும் அழித்திருக்கவில்லை. அந்த வருடத் தை, மாசி, வைகாசிக் கல்யாணங்கள் ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருந்தன. கேமராவோடு வந்த கேனான் மென்பொருளில் ஒரு படத்தைத் திறந்தால் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, லென்ஸ் எந்த எம்எம்-மில் நின்றது, ஃப்ளாஷ் அடித்ததா என்பதெல்லாம் பக்கத்திலேயே வரும். நாலு வருடமாகப் படத்தைப் பார்த்திருக்கிறேன், அந்த எண்களைப் பார்த்ததில்லை. ஆடி மாதம் முழுக்க ராத்திரியில் அதுதான் வேலை. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனேன்.

மூன்று ராத்திரியிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. கெட்டுப்போன படங்களில் ஒரு பெரிய குவியல், ஃப்ளாஷ் அடித்தும் ஆடிப்போனவை. முகம் கூர்மையாக இருக்கும், அதன் ஓரத்தில் இன்னொரு மங்கலான முகம் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றிலும் ஷட்டர் 1/15, 1/20. ஃப்ளாஷ் போட்டபின் ஏன் இத்தனை மெதுவாகப் போகிறது? நான் எடுத்தது ஏவி மோடில், அதாவது அப்பர்ச்சரை நாம் தேர்ந்து ஷட்டரைக் கேமராவிடம் விடும் மோடில். கேனானில் அதில் வைத்து ஃப்ளாஷ் போட்டால், பின்னால் இருக்கும் இயல்பு வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கேமரா ஷட்டரை மெதுவாக்கிவிடும். ஃப்ளாஷ் ஒரு முகத்தைப் பதிக்கும், மெதுவான ஷட்டர் அதன் அசைவையும் சேர்த்துப் பதிக்கும். இதை நிறுத்த மெனுவில் கஸ்டம் ஃபங்ஷன் என்ற இடத்தில் ஒரு வழி இருக்கிறது. அதை மாற்றினால் ஏவி மோடில் ஃப்ளாஷ் போடும்போது ஷட்டர் 1/200-ல் நின்றுவிடும். ஒரு பைசா செலவில்லை. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. 1200டி வாங்கியிருந்தாலும் அதே ஏவி மோடு, அதே நடத்தைதான். அதே படம்தான் கெட்டிருக்கும், பதினெட்டு மெகாபிக்சலில்.

அடுத்த குவியல் குறி தவறியவை. பெண்ணின் முகத்துக்குப் பதிலாக மாலையில் ஃபோகஸ், அல்லது குறுக்கே வந்த யாரோ ஒருவரின் தலையில். ஏழு ஃபோகஸ் புள்ளிகளில் எது என்பதைக் கேமராவே தேர்ந்துகொள்ளும்படி விட்டிருந்தேன். எது கிட்டே இருக்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் அது பிடிக்கும். கடைப்பையன் 1200டி-யில் ஒன்பது புள்ளி என்று சொல்லியிருந்தான். உண்மைதான். ஆனால் இரண்டிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கு வகை, அதாவது நெடுக்குக் கோட்டையும் கிடைக்கோட்டையும் சேர்த்துப் பார்த்துப் பிடிப்பது. மங்கலான மண்டபத்தில் நம்ப முடிந்தது அந்த ஒரு புள்ளியைத்தான். ஓரத்தில் இரண்டு புள்ளி கூடினால் முகூர்த்த மேடையில் எனக்கு என்ன வரப்போகிறது?

தொடர்ந்து எடுக்கும் வேகம் இரண்டிலும் நொடிக்கு மூன்று படம். வியூஃபைண்டரில் தெரிவது இரண்டிலும் 95 விழுக்காடு. இதோடு கடையில் யாரும் சொல்லாத ஒன்றும் இருந்தது. பேட்டரி வேறு. 1000டி-க்கு எல்பி-ஈ5, 1200டி-க்கு எல்பி-ஈ10. நான் சேர்த்து வைத்திருந்த இரண்டு உபரி பேட்டரிகளும் வீண்.

மெகாபிக்சல் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் மனசு அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 1000டி-யின் படம் 3888-க்கு 2592. 1200டி-யின் படம் 5184-க்கு 3456. பத்து பதினெட்டாகிறது, ஆனால் படத்தின் நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. டபுள் என்று காதில் விழுவது பேப்பரில் அவ்வளவுதான். நாங்கள் போடும் கரிஷ்மா ஆல்பத்தை விரித்தால் 12-க்கு 36 அங்குலம், ஒரு பக்கம் 12-க்கு 18. அந்தப் பக்கம் முழுக்க ஒரே படம் வைத்தாலும் என் பழைய கேமராவில் அங்குலத்துக்கு 216 புள்ளி கிடைக்கிறது. மடியில் வைத்துப் பார்க்கிற ஆல்பத்துக்கு அது போதும். படம் தெளிவில்லை என்று ஒரு வீட்டிலும் எனக்குப் புகார் வந்ததில்லை. வந்த புகார்கள் எல்லாம் ஆட்டத்துக்கும் இருட்டுக்கும்தான்.

கடைசிக் குவியல்தான் என்னை உட்காரவைத்தது. ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தவை: ஓமப்புகை, விளக்கு, ஊஞ்சல், அந்த மூன்றாவது முடிச்சு. நோட்டில் பக்கம் பக்கமாக ஒரே வரி: 55 எம்எம், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, 1/15. லென்ஸில் நடுக்கம் தாங்கும் வசதி இருந்தது. அது என் கை நடுக்கத்தைத் தாங்கும், முடிச்சுப் போடுகிறவர் கை அசைவதைத் தாங்காது. நோட்டை முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் அந்த 5.6-ஐத் தொட்டார்.

"என் லென்ஸு ரெண்டு. உன்னுது அஞ்சு புள்ளி ஆறு. எட்டுல ஒரு பங்கு வெளிச்சத்தை வச்சுக்கிட்டு எடுத்திருக்க. பொட்டியை மாத்தினா அதே கண்ணாடிதான முன்னாடி நிக்கும்?"

அவர் சொன்னது சரி. எஃப் 2-க்கும் எஃப் 5.6-க்கும் நடுவில் எட்டு மடங்கு வெளிச்சம். கடையில் புதுக் கேமராவோடு தரும் கிட் லென்ஸும் 55-ல் 5.6-தான். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று கேனானில் இருந்தது. கிட் லென்ஸின் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விலை புதுக் கேமராவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனாலும் பேச்சை நம்பி முடிவெடுக்க எனக்கு மனமில்லை. மயிலாடுதுறையில் ஒரு நண்பர் 1200டி-யும் அந்த 50 எம்எம்-மும் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டையும் கேட்டு வாங்கிவந்தேன். என் ஸ்டுடியோவில் எல்லா விளக்கையும் அணைத்து, ஓரத்தில் ஒரு டியூப் லைட்டும் ஒரு குத்துவிளக்கும் மட்டும் வைத்தேன். நாற்காலி முதுகில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி, என் தங்கையை முடிச்சுப் போடச் சொன்னேன். "நிறுத்தாமப் போடும்மா, கல்யாணத்துல போடுற மாதிரி" என்றேன். ஐம்பது தடவையாவது போட்டிருப்பாள். விரல் சிவந்துவிட்டது.

1200டி-யில் கிட் லென்ஸ் போட்டு எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400. 1000டி-யில் 50 எம்எம் போட்டு எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600. இரண்டும் கணக்குப்படி ஒரே ஷட்டரில் வர வேண்டும், வந்தன: 1/60. இரண்டையும் 12-க்கு 18-ல் பிரிண்ட் போட்டு முதலாளி வீட்டுத் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் வைத்தோம். எது எதில் எடுத்தது என்று அவரிடம் சொல்லவில்லை. ஒன்றில் கயிறு வழவழவென்று இருந்தது, மஞ்சளுக்குள் புழுதி தூவினாற்போல் புள்ளிகள். இன்னொன்றிலும் மணல் இருந்தது, ஆனால் கயிற்றின் இழைகள் முறுக்கிக்கொண்டு போவதை எண்ணலாம்போல் தெரிந்தது. அவர் இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டார். அது என் பழைய கேமராவில் எடுத்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1200டி-யில் 50 எம்எம்-மைப் போட்டு எடுத்த மூன்றாவது படம் இரண்டையும்விட நன்றாக இருந்தது. பணம் இரண்டுக்கும் இருந்தால் இரண்டையும் வாங்கலாம். எனக்கு ஒன்றுக்குத்தான் இருந்தது. மேலும், நான் போகும் கல்யாணங்களில் வீடியோவை வேறொருவர் எடுத்துவந்தார். ஒரே ஆளாகப் படமும் வீடியோவும் எடுக்க வேண்டிய தம்பி ஒருவன் அன்று என் இடத்தில் இருந்திருந்தால் கேமராவை மாற்று என்றுதான் சொல்லியிருப்பேன். 1000டி-யில் வீடியோவே இல்லை, அதை எந்த லென்ஸும் கொண்டுவந்து தராது.

நான் வாங்கியது அந்த லென்ஸும், ஃப்ளாஷுக்கு இரண்டு செட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரியும். சாதாரண பேட்டரியைவிட இவை ஃப்ளாஷை வேகமாகத் திரும்ப நிரப்பும். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் புது செட்டைப் போட்டுவிடுவது அன்றிலிருந்து பழக்கம், முதலாளியின் ரோல் சட்டம் மாதிரி.

லென்ஸைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் மவுண்ட். ஃபோகஸ் பிடிக்கும்போது வண்டு மாதிரி இரையும், இருட்டில் முன்னும் பின்னும் தேடும். 1000டி-யில் அது 80 எம்எம் போலத்தான் தெரியும் என்பதால் மேடையில் குடும்பப் படம் எடுக்கப் பின்னால் போக இடமிருக்காது. அதற்குக் கிட் லென்ஸும் ஃப்ளாஷும்தான். 1.8-ல் முழுக்கத் திறந்துவைத்தால் இரண்டு மீட்டர் தூரத்தில் தெளிவாக இருப்பது பதினொரு சென்டிமீட்டர் ஆழம்தான். பெண்ணின் காது தெளியும், நாத்தனாரின் விரல் தப்பிவிடும். 2.8-ல் அது பதினேழு சென்டிமீட்டர் ஆகிறது. பின்கழுத்தும் கயிறும் விரலும் அதற்குள் அடங்கும். ஆடி முடிவதற்குள் இதை நாற்காலி முதுகில் எடுத்து எடுத்துப் பழகினேன்.

ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு மண்டபம். நடுப்புள்ளி மட்டும், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, ஃப்ளாஷ் அணைத்திருந்தது. வீடியோக்காரரின் விளக்கு முன்பக்கம் இருந்தது. நான் மணமக்களுக்குப் பக்கவாட்டில் போய், நாத்தனார் முறையுள்ள பெண் எங்கே நிற்கப்போகிறாள் என்று முன்கூட்டியே கேட்டு, அவள் விரல் வரும் இடத்தில் ஃபோகஸைப் பிடித்து வைத்துக்கொண்டேன். தவில் உருண்டது. நான்கு படம் எடுத்தேன். மூன்று சரியாக விழுந்தன. ஒன்றில் அந்தப் பெண் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றை இறுக்குகிறாள், நகக்கண்ணில் மஞ்சள் ஈரம் தெரிகிறது, பின்னால் விளக்கின் சுடர்கள் ஐங்கோணப் பொட்டுகளாக விரிந்திருக்கின்றன. அந்த லென்ஸின் அப்பர்ச்சருக்கு ஐந்து இதழ்தான், அதனால் வரும் வடிவம் அது. அந்தப் படத்தை ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க வைத்தேன்.

சுவாமிமலை வீட்டு அக்காவுக்கு நான் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

1000டி-யோடு மேலும் மூன்று வருடம் ஓடியது. 2017-ல் அதே நோட்டுப் பழக்கம் வேறு பதிலைச் சொன்னது. அப்போது கெட்டவை பெரும்பாலும் ஓமப்புகைக்குள் நடுப்புள்ளியே பிடிக்காமல் தேடித் தேடி நின்றவை. அது கேமராவின் எல்லை. லென்ஸை மாற்றி அதைத் தாண்ட முடியாது. அதே வரிசையில் அடுத்த மாடலுக்குப் போகாமல், செகண்ட் ஹேண்டாக ஒரு 6டி வாங்கினேன். ஃபுல் ஃபிரேம், நடுப்புள்ளி மைனஸ் 3 ஈவி என்ற மிக மங்கலான வெளிச்சத்திலும் பிடிக்கும். 50 எம்எம் அதில் அப்படியே பொருந்தியது. 18–55 பொருந்தாது, அது 1000டி-யோடு நின்றுவிட்டது.

கேனானின் அந்தத் தொடக்க வரிசையில் 2018-ல் 1500டி, 3000டி வந்தன, அதற்குப் பின் அந்த வரிசையில் புதிது இல்லை. அந்த இரண்டிலும்கூட ஒன்பது புள்ளி, நொடிக்கு மூன்று படம். இப்போது ஆட்கள் மிரர்லெஸ்ஸுக்குப் போவதால் 1200டி, 1300டி, 1500டி எல்லாம் செகண்ட் ஹேண்ட் விலைக்கு நிறையக் கிடைக்கின்றன. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "அண்ணே, 1300டி வச்சிருக்கேன், 1500டி-க்கு மாத்தட்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தப் பணத்தில் அகலமாகத் திறக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அதற்குப் பிறகும் படம் கெட்டால், அந்த வரிசையை விட்டே மேலே போங்கள்.

ஆனால் என் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மண்டபம் வேறு, கை வேறு. கெட்டுப்போன படங்களைக் கேமராவிலேயே அழித்துவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்த மூன்று கல்யாணங்களின் கழிவுப் படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டு, ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அதன்பின் கடைக்குப் போங்கள். ஆடி மாதம் அதற்கு நல்ல நேரம்.